முதுகுத்தண்டுக் காயமும் ஸ்டெம் செல் சிகிச்சையும்

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் சக்கர நாற்காலியில் இருக்கிறான். ஸ்டெம் செல்லை ஊசி வழியாக இரத்தத்தில் ஏற்றினால் நடந்துவிடுவான் என்று ஒரு தனியார் மையத்தில் உறுதியாகச் சொல்கிறார்கள். கணவரின் சேமநிதிப் பணத்தை எடுத்துக் கட்டலாமா? - ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அந்தப் பணத்தை எடுக்க வேண்டாம், அம்மா. ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய அடிப்படைச் செல்; இந்தத் துறையில் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. ஆனால் உங்களுக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதிக்கு ஆதாரம் இல்லை.

முதுகுத்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டான தண்டுவடம் நசுங்கினால், மூளையிலிருந்து இறங்கும் நீண்ட நரம்பிழைகள் அறுபடுகின்றன. நாளாக நாளாக அவ்விடத்தில் தழும்பும் குழியும் உண்டாகி, இழைகள் மீண்டும் வளர்வதைத் தடுக்கின்றன. ஆகவேதான் பல முக்கிய ஆய்வுகள் காயம் புதிதாக இருக்கும்போதே செல்களைச் செலுத்துகின்றன. ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில், காயம்பட்ட 14 முதல் 28 நாள்களுக்குள் நான்கு பேருக்கு, ஐபிஎஸ் செல்களிலிருந்து (சாதாரண உடல் செல்லை ஸ்டெம் செல் போன்ற நிலைக்கு மாற்றியவை) உருவாக்கிய, நரம்புத் திசுவின் செல்களாக வளரக்கூடிய 20 லட்சம் நரம்பு முன்னோடிச் செல்கள் காயம்பட்ட இடத்திலேயே செலுத்தப்பட்டன. 2025 மார்ச்சில் வெளியான முடிவின்படி, இருவருக்கு இயக்கம் மேம்பட்டது. அவர்களில் ஒருவரால் எழுந்து நிற்க முடிந்தது; மற்ற இருவரிடம் அத்தகைய முன்னேற்றம் தெரியவில்லை.

அதே ஜப்பான், நோயாளியின் சொந்த எலும்பு மஜ்ஜைச் செல்களை இரத்தத்தில் ஏற்றும் ஸ்டெமிராக் சிகிச்சைக்கு 2018 டிசம்பரில் நிபந்தனையுடன் அனுமதி அளித்தது. 13 பேரில் 12 பேர், காயத்தின் கடுமையை அளக்கும் அளவுகோலில் குறைந்தது ஒரு படி முன்னேறினார்கள் என்றாலும், ஒப்பிட்டுப் பார்க்கச் சிகிச்சை பெறாத குழு இல்லை என்று நிபுணர்கள் கடுமையாகக் குறை கூறினர். முதல் சில மாதங்களில் சிகிச்சை இல்லாமலேயே ஓரளவு குணமாவது உண்டு. மேலும், ஸ்டெமிராக் சிகிச்சையும் புதிய காயங்களுக்கே உரியது. உங்கள் மகனின் காயத்துக்கு இரண்டு ஆண்டுகளாகிவிட்டன. அதோடு, இரத்தத்தில் ஏற்றப்படும் இவ்வகைச் செல்களில் பெரும்பகுதி நுரையீரலிலேயே தங்கிவிடுவதை விலங்கு ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆபத்தும் உண்டு. வெளிநாட்டில் மூக்கின் உட்சவ்வுத் திசுவைத் தண்டுவடத்தில் பதித்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, எட்டு ஆண்டுகள் கழித்து அவ்விடத்தில் கட்டி வளர்ந்து, அறுவை செய்ய நேர்ந்தது.

அந்த மையத்தாரிடம், எந்தச் செல், எங்கிருந்து எடுத்தது, எப்படிச் செலுத்துவீர்கள், இது மருத்துவ ஆய்வாகப் பதிவு செய்யப்பட்டதா, சுகாதார அமைச்சின் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இதை அனுமதித்துள்ளதா என்று எழுத்தில் கேளுங்கள். முறையான ஆய்வில் பரிசோதனைச் சிகிச்சைக்கு நோயாளியிடம் பொதுவாகப் பணம் வாங்குவதில்லை. பணம் கேட்டுக்கொண்டே ஆய்வு என்று சொன்னால் விலகிவிடுங்கள்.

இப்போது மகனின் உடலைக் காப்பதுதான் முக்கியம். நாற்காலியில் இருக்கும்போது அரை மணிக்கொரு முறையாவது உடலைத் தூக்கியோ சாய்த்தோ பாரத்தைக் குறைக்கட்டும். இரவில் பிட்டத்தையும் குதிகாலையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு தென்பட்டால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்றும் பழக்கமும் தசைப் பயிற்சியும் செராஸ் மறுவாழ்வு மருத்துவமனையிலோ மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலோ கற்றுக்கொள்ளலாம். வேலைக்குச் செல்லும் வழியில் நேர்ந்த விபத்து என்பதால், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் இழப்பீட்டுக் கோரிக்கை பதிவாகியிருக்கிறதா என்று உடனே விசாரியுங்கள். மலாக்காவில் உள்ள அதன் மறுவாழ்வு மையத்தில் மகனைச் சேர்க்க முடியுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.