வாசகர் கேள்வி பதில்: போட்டோ இருக்கும்போது படம் எதற்கு?

கே: பாட்டி வீட்டை இடிக்கப் போகிறார்கள். அரிவாள்மனை, மரக்கால், உழக்கு, பாக்குவெட்டி எல்லாவற்றையும் செல்போனில் போட்டோ எடுத்துவிட்டேன். அமெரிக்காவில் ஒருவர் இந்த மாதிரி பழைய சாமான்களைக் கையால் வரைந்தே பேர் வாங்கினாராம், தம்பி சொல்கிறான். போட்டோ போதாதா?
– ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

ப: தம்பி சொல்வது எரிக் ஸ்லோனாகத்தான் இருக்கும். 1905இல் நியூயார்க்கில் பிறந்தவர். முதலில் மேகம் வரைவதில் கெட்டிக்காரர், அப்புறம் பழைய தானியக் கொட்டகை, மரப்பாலம், தச்சுக் கருவி என்று திரும்பிவிட்டார். சேர்த்த கருவிகளைக் கனெக்டிகட் மாநிலத்தில் கென்ட் என்ற ஊரில் மியூசியமாகவே வைக்கக் கொடுத்துவிட்டார்.

அவர் படத்தில் என்ன விசேஷம் என்றால், மரத்தைச் சதுரமாகச் செதுக்கும் அகலக் கோடாரியை எடுத்துக்கொள்ளுங்கள், பக்கவாட்டில் போட்டோ எடுத்தால் சாதாரணக் கோடாரிதான், மேலேயிருந்து வரைந்தால்தான் அதன் காம்பு ஒரு பக்கமாக வளைந்திருப்பது தெரியும், செதுக்கும்போது விரல் முட்டி மரத்தில் உரசாமல் இருக்கத்தான் அந்த வளைவு. வரைகிறவர் எதைக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்கிறார், கேமரா கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்தக் காலத்து ஆட்களெல்லாம் உத்தமர்கள் என்று எழுதுவதில் ஸ்லோனுக்குக் கொஞ்சம் ஆசை அதிகம். அதை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள்.

இதையே அவருக்கு முன்னால் அமெரிக்க அரசாங்கமே பெரிதாகச் செய்தது. பொருளாதாரம் படுத்துவிட்ட காலத்தில் வேலையில்லாத ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்து, 1935 முதல் 1942 வரை ஜாடி, பொம்மை, ஒட்டுத்துணிப் போர்வை, நாற்காலி என்று சுமார் 18,000 படங்கள் வரைய வைத்தார்கள், பெரும்பாலும் வாட்டர்கலர். கலர் போட்டோவை அன்றைக்கு நம்ப முடியாது. அத்தனையும் இப்போது வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கின்றன.

உங்கள் போட்டோவை அழித்துவிடாதீர்கள், அதோடு வரையவும் செய்யுங்கள். அரிவாள்மனையை மட்டும் வரைந்தால் பாதிதான், பலகையை அழுத்தும் காலையும் சேர்த்து வரையுங்கள்.

கே: எனக்குக் கோடே நேராக வராது. நானெல்லாம் என்ன செய்வது?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ப: அளந்து எழுதுங்கள். நீளம், அகலம், எடை, எந்த இடம் தேய்ந்திருக்கிறது, எதில் செய்தது, இவ்வளவு போதும். கூடவே, வீட்டுப் பெரியவர் அதைப் பிடித்து வேலை செய்வதை ஒரு வீடியோ எடுத்து வையுங்கள், பழைய பித்தளைக்காரர் வருவதற்குள்.