ஏன் குடிக்கிறோம்? தண்டையார்பேட்டை சிஸ்டரிடம் கேட்டவை

குடியைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் சீட்டில் எழுதிப் போடலாம், பெயர் வேண்டாம், ஏரியா போதும் என்று எங்கள் தெருப் படிப்பகத்தில் சொல்லியிருந்தோம். குடிநோய் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. திட்டு விழும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

கொருக்குப்பேட்டை: முதல் தடவை குடிச்சப்போ கசந்துச்சு, வாந்தியும் எடுத்தேன். அப்புறமும் மனுஷன் ஏன் குடிக்கிறான் சிஸ்டர்?

நாக்குக்குப் பிடிக்காதது மூளைக்குப் பிடித்துப் போவதால்தான், தம்பி. சாராயம் உள்ளே போனதும் மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தின் சுரப்பு கூடுகிறது. 'இது நல்லா இருந்துச்சு, இன்னொரு தடவை செய்' என்று மூளை குறித்துவைத்துக் கொள்கிறது.

இதற்கு ரொம்பப் பழைய வேர் ஒன்று இருக்கலாம். மரத்திலிருந்து கீழே விழுந்து புளித்த பழத்தில் கொஞ்சம் எத்தனால், அதாவது சரக்கில் இருக்கும் அதே ஆல்கஹால் இருக்கும். சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் குரங்கு மூதாதைகளிடம் நடந்த ஒரு மரபணு மாற்றம் எத்தனாலைச் செரிக்கும் திறனைச் சுமார் 40 மடங்கு கூட்டியது என்று 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. புளித்த பழத்தின் வாசனையைப் பிடித்துக்கொண்டு போன குரங்குக்குப் பழம் கிடைத்தது, அந்த நாட்டம்தான் நமக்கும் வந்தது என்கிறார் ராபர்ட் டட்லி என்ற உயிரியலாளர். கருதுகோள்தான், ஆனால் எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: எந்தக் காட்டிலும் எந்தப் பழத்திலும் குவார்ட்டர் பாட்டிலில் இருக்கும் 42.8 சதவீத ஆல்கஹால் கிடையாது. அது காய்ச்சி வடிக்கக் கற்றுக்கொண்ட மனிதன் செய்த வேலை.

காசிமேடு: ராத்திரி கடலுக்குப் போறப்ப குளிருக்கு ஒரு கட்டிங் போட்டா சூடா இருக்கே?

தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக்குழாய்கள் விரிவதால் சூடு தெரிகிறது. உள்ளே இருந்த வெப்பம் வெளியே போகிறது, அவ்வளவுதான். உடம்பு உண்மையில் குளிர்கிறது, நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் வேலையும் மட்டுப்படுகிறது. விசைப்படகின் விளிம்பில் நிற்பவருக்குத் தள்ளாட்டம் வேறு. டீ குடியுங்கள் அண்ணா.

ராயபுரம்: எங்கப்பா மூட்டை தூக்குறவர். 'உடம்பு வலி, அதான் குடிக்கிறேன்'னு சொல்றார். சாக்கா, நிஜமா?

வந்த சீட்டுகளில் பாதி இதைத்தான் கேட்டிருந்தன.

முதலில் நிஜம்தான். ஆல்கஹால் வலியைக் குறைக்கும். மூளையில் 'காபா' என்ற அமைப்பு பிரேக், 'குளூட்டமேட்' ஆக்சிலேட்டர். சரக்கு பிரேக்கை மிதித்து ஆக்சிலேட்டரைத் தளர்த்துகிறது. வலி மங்கும், கவலை மங்கும், தசை தளரும். நாள் முழுக்க மூட்டை சுமந்தவருக்கும், நாற்றம் தாங்காமல் குடித்துவிட்டுச் சாக்கடையில் இறங்குகிறவருக்கும் இது சும்மா சொல்லும் காரணம் இல்லை. உழைப்பவனுக்கு ஊற்றிக் கொடுத்து வேலை வாங்குவது முதலாளிகளுக்குப் பழைய வழக்கமும்கூட. பிரிட்டிஷ் கடற்படை 1970 ஜூலை 31 வரை மாலுமிகளுக்குத் தினமும் ரம் அளந்து கொடுத்தது. தென்னாப்பிரிக்கத் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை ஒயினாகவே கொடுத்தார்கள்.

ஆனால் மூளை சும்மா இருக்காது. தினமும் பிரேக் மிதிபட்டால் அது ஆக்சிலேட்டரைக் கூட்டி ஈடுகட்டும். கட்டிங்கில் கிடைத்தது குவார்ட்டரில்தான் கிடைக்கும். குடிக்காத நேரத்தில் வலி முன்பைவிட அதிகமாகத் தெரியும், கை நடுங்கும், எரிச்சல் வரும். தூக்கமும் அப்படித்தான்: சீக்கிரம் வந்துவிடும், பின்னிரவில் உடைந்துபோகும். தூங்காத உடம்பு காலையில் இன்னும் வலிக்கும். வார்டில் ஒருவர் காலை ஆறு மணிக்கு டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிப்பார், பாதி சட்டையில் சிந்தும். அவரும் உடம்பு வலிக்காகத்தான் ஆரம்பித்தவர். இன்பத்துக்குக் குடித்தது போய், குடிக்காததால் வரும் வேதனையைத் தள்ளக் குடிப்பதாக மாறும் இடம் இதுதான். அப்பாவிடம் பொய் சொல்கிறார் என்று சண்டை போட வேண்டாம். காலையில் நடுக்கம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வியாசர்பாடி: போதையிலதான் மனுஷன் உண்மையைப் பேசுவான்னு சொல்றாங்களே? சாவு வீட்டுல குடிச்சிட்டு ஆடுறதும் அதனாலயா?

மக்ஆண்ட்ரூ, எட்ஜர்ட்டன் என்ற இருவர் பல சமூகங்களின் பதிவுகளை ஒப்பிட்டு 1969-இல் ஒன்று சொன்னார்கள். தள்ளாட்டமும் நாக்குழறலும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அடிதடியும் அழுகையும் ஆட்டமும் ஊருக்கு ஊர் வேறு. குடித்தவன் எப்படி நடக்கலாம் என்று அவனவன் சமூகம் சொல்லிக் கொடுத்திருக்கிறதோ அப்படி நடக்கிறான். நம் பக்கம் சாவு வீட்டில் மேளம், கானா, ஆட்டம் எல்லாம் துக்கத்தை இறக்கிவைக்கும் முறை. குடிக்காமலே பிரமாதமாக ஆடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நடுரோட்டில் ஆட, வாய்விட்டு அழ, ஆம்பளைக்கு ஒரு அனுமதிச் சீட்டு தேவைப்படுகிறது. பாட்டில் அந்தச் சீட்டு. பொண்டாட்டியை அடிப்பவன் இன்ஸ்பெக்டரை அடிப்பதில்லை, கவனித்தீர்களா? அவ்வளவு போதையிலும் ஆள் பார்த்துத்தான் கை நீளும்.

திருவொற்றியூர்: பீர் மட்டும்தான் அடிக்கிறேன். அது சரக்கு கணக்குல வராதுல்ல?

வரும். குவார்ட்டர் 180 மில்லியில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் சுமார் 41 கிராம். இரண்டு அடித்தால் குவார்ட்டரைத் தாண்டிவிட்டீர்கள். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். மோர், எலுமிச்சை, குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது. ராத்திரி பத்துக்கு முடித்துவிட்டுக் காலை ஐந்தரைக்கு ஆட்டோ எடுத்தால் உடம்பில் சரக்கு மீதி இருக்கும்போதே ஓட்டுகிறீர்களாக இருக்கலாம்.

பெரம்பூர்: கிறிஸ்துமஸுக்கு வீட்டில் திராட்சை ஒயின் போடுவோம். கள்ளச்சாராயம் மாதிரி கண் போகுமா?

போகாது ஆன்ட்டி. பழம் புளிக்கும்போது உண்டாகும் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் மிகக் குறைவு. கள்ளச்சாராயச் சாவுக்குக் காரணம் தொழிற்சாலை மெத்தனாலை வாங்கி விற்பதுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது அதனால்தான். உடம்பு மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாக மாற்றும், அது கண் நரம்பைத் தாக்கும். அந்தச் சாராயத்தைக் குடித்தவருக்குப் பார்வை மங்கினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

புளியந்தோப்பு: ரயில்ல ஒரு நோட்டீஸ் பார்த்தேன் சிஸ்டர். சாப்பாட்டுல தெரியாம கலந்து கொடுத்தா குடியை விட்டுடுவாராம். வாங்கட்டுமா?

வேண்டாம்மா. அந்தப் பொடிகள் பலவற்றில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மாத்திரையாக இருந்தால் இன்னும் மோசம். அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உடம்பில் தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதயம் பலவீனமானவர் செத்தே போகலாம். மருத்துவர்கள் அதை நோயாளியிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடுதான் கொடுப்பார்கள்.

இன்னொன்று. வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவரை ரூமில் பூட்டிவைத்துத் திடீரென்று நிறுத்த வேண்டாம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதன் பிறகு ஆள் தெரியாமல் உளறி, இல்லாததைப் பார்த்துப் பயந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்பத்திரியில் சில நாள் மாத்திரையும் பி1 வைட்டமினும் கொடுத்துப் பக்குவமாக இறக்குவார்கள். நமக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. முதலில் பேச மட்டும் வேண்டுமென்றால் போதை மீட்பு உதவி எண் 14446-க்கு போன் செய்யலாம், இலவசம். அவர் வரமாட்டேன் என்றாலும் நீங்கள் மட்டும் போய்ப் பேசலாம்.