உள்மடிப்பில் விடும் துணி

அன்புள்ள ஆசிரியருக்கு,

இருபது ஆண்டுகளாகத் தையல் கற்றுத் தருகிறேன். சென்ற ஆண்டு ஆறு மாதம் உழைத்து, நாற்பது காணொளிகள் கொண்ட இணையவழிப் பாடத்திட்டம் ஒன்றைத் தயாரித்தேன். மாதச் சந்தா செலுத்துவோருக்கான உறுப்பினர் குழு ஒன்றையும் தொடங்கினேன். முதல் தொகுதியில் சேர்ந்த முப்பது பேரில் பெரும்பாலோர் ஏழாம் பாடத்தோடு, அதாவது சட்டைக்குக் கை பொருத்தும் பாடத்தோடு, நின்றுவிட்டார்கள். புதிதாகத் தைப்பதைவிட, தங்களிடம் இருக்கும் உடைகளை அளவு மாற்றித் தைக்கச் சொல்லித்தரும்படி பலர் கேட்கிறார்கள். குழுவில் வாரம் இரண்டு புதிய காணொளிகள் வெளியிட்டும் ஆட்கள் விலகுகிறார்கள். கேட்பவர்களுக்கெல்லாம் பாடத்தை மாற்றிக்கொண்டே போனால் எனக்கென்று ஒரு முறையே இல்லாமல் போய்விடும் என்று அஞ்சுகிறேன். எவ்வளவு வளைந்து கொடுப்பது சரி?

அன்புடன்,
ஒரு தையல் ஆசிரியர்

அன்புள்ள தையல் ஆசிரியருக்கு,

பலர் பாதியில் நின்றுவிட்டதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் த்ருன், பீட்டர் நார்விக் இருவரும் செயற்கை நுண்ணறிவு குறித்து இலவசமாக நடத்திய இணையவகுப்பில் ஏறத்தாழ 1,60,000 பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் 20,000 பேருக்குச் சற்று மேல். சேர்வதற்கும் முடிப்பதற்கும் இடையே இணையக் கல்வியில் எப்போதும் பெரிய பள்ளம் இருந்துவந்திருக்கிறது.

ஆனால் உங்கள் மாணவர்கள் ஆளுக்கோர் இடத்தில் நிற்கவில்லை, ஒரே இடத்தில் நிற்கிறார்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். சட்டைக் கைக்கு வெட்டிய துணியின் மேல்வளைவு, அதைப் பொருத்தும் கைக்குழியைவிடச் சற்று நீளமாக இருக்கும்; அந்த மிச்சத்தைச் சுருக்கம் விழாமல் விரலால் உள்வாங்கிக்கொண்டே தைக்க வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நேர்வகுப்பில் நீங்கள் அருகில் நின்று, மாணவரின் விரலைப் பிடித்து, எந்த அழுத்தத்தில் துணியைத் தள்ளுவது என்று காட்டியிருப்பீர்கள். காணொளியில் அந்த விரல் இல்லை. ஆகவே ஏழாம் பாடத்தில் கண்டிருப்பது, இருபது ஆண்டுகளாக உங்கள் கைகள் செய்துவந்த ஒரு வேலையைச் சொற்களும் படங்களும் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதைத்தான். அதற்காக நாற்பது பாடங்களையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. அந்த ஒன்றை மூன்றாகப் பிரித்து, வேண்டாத துண்டுத் துணியில் இரண்டு முறை பழகச் செய்து, அவர்கள் தைத்ததைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதன் பிறகே சட்டைக்கு வரலாம்.

ஒருவர்கூட வந்து சேராத நிலையில் நாற்பதையும் பதிவுசெய்து முடித்ததுதான் உங்களை இறுக்கிவிட்டது என்று நினைக்கிறேன். கான் அகாடமி என்ற இலவச இணையக் கல்வித் தளத்தை நிறுவிய சல்மான் கான் 2004-ல் தொலைவிலிருந்த உறவுக்காரச் சிறுமி ஒருத்திக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். காணொளிகள் யூடியூபுக்கு வந்தது 2006-ல். அவர் எதிரில் முதலில் இருந்தது தடுமாறும் ஒரு மாணவி, பாடத்தொகுப்பு பிறகு வந்தது. அடுத்த முறை நீங்களும் முதல் தொகுதியை நேரலையாக நடத்துங்கள். அவர்கள் கேட்ட கேள்விகளைக் குறித்துவைத்து, இரண்டாம் தொகுதி முடிந்த பிறகு பதிவுசெய்யுங்கள்.

பதிவு செய்யும்போது ஒரு சிறு கவனம் வேண்டும். "சென்ற ஏழாம் பாடத்தில் பார்த்தோம்" என்று காணொளிக்குள் சொல்லிவிட்டால், அந்தப் பாடத்தை இடம் மாற்ற முடியாது. அதுபோலத்தான் தேதியும், மாறக்கூடிய இணையதளத்தின் திரையும். இவற்றைக் காணொளிக்கு வெளியே எழுத்துக் குறிப்பாக வைத்தால் ஐந்து நிமிடத்தில் திருத்தலாம். பாடங்கள் குட்டையாக இருப்பதும் உதவும். எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் நான்கு பாடத்திட்டங்களில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014-ல் வெளியான ஆய்வொன்று, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதில் மாணவர் தங்கும் நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று கண்டது. ஆறு நிமிடப் பாடம் பிழையானால் ஒரு காலைப்பொழுதில் மீண்டும் எடுத்துவிடலாம், நாற்பது நிமிடப் பாடத்தைத் தொட மனம் வராது. நல்ல தையற்காரர் உடல் மாறும் என்று தெரிந்தே உள்மடிப்பில் ஓர் அங்குலம் துணி விட்டுத் தைப்பதைப் போன்ற ஏற்பாடுதான் இது.

எவ்வளவு வளைவது என்ற கேள்விக்கு என் பிழையிலிருந்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எட்டு வாரக் கட்டுரைப் பயிற்சி ஒன்றை இணையத்தில் நடத்தினேன். மூன்றாம் வாரத்தில் சிலர் சிறுகதை வேண்டும் என்று ஆர்வமாகக் கேட்க, நான் மகிழ்ந்து பாடத்தைத் திருப்பிவிட்டேன். கேட்டவர்கள் நான்கு பேர். கேட்காமல் இருந்தவர்கள் கட்டுரைக்காகப் பணம் கட்டி வந்தவர்கள். அவர்களில் இருவர் இறுதி வாரத்தில், தாங்கள் எதற்காக வந்தோமோ அது கிடைக்கவில்லை என்று மிகப் பண்பாக எழுதினார்கள். கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தேன் என்றாலும், அவர்களுடைய எட்டு வாரங்களைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து, ஒரு தொகுதி நடந்துகொண்டிருக்கும்போது சொல்லித்தரும் வழியை மட்டுமே மாற்றுகிறேன். எதைச் சொல்லித்தருவதாக வாக்களித்தேனோ அதை மாற்றுவதில்லை. ஒரு தொகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் எதை வேண்டுமானாலும் மாற்றுவேன். உங்கள் முறை என்று நீங்கள் அஞ்சிக் காப்பது அந்த வாக்கில்தான் இருக்கிறது. காணொளிகளின் வரிசையில் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

எனவே, அளவு மாற்றித் தைக்கும் பாடத்தை இப்போதைய திட்டத்துக்குள் திணிக்காதீர்கள். நான்கு வாரத்துக்கு, பத்துப் பேருக்கு மட்டும், வெள்ளோட்டம் என்று வெளிப்படையாக அறிவித்துத் தனியாக நடத்திப்பாருங்கள். கேட்ட எல்லோரும் வந்து சேர மாட்டார்கள். கட்டணம் கட்டி வருபவர்களின் எண்ணிக்கைதான் உண்மையான தேவையைச் சொல்லும்.

உறுப்பினர் குழுவில் வாரம் இரண்டு காணொளிகள் அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பார்க்காதவை சேரச் சேர உறுப்பினருக்குக் குற்ற உணர்வும் சேர்கிறது. ஒருநாள் அதிலிருந்து விடுபடவே சந்தாவை நிறுத்துகிறார். மாதத்துக்கு இரண்டாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் அவர்கள் தைத்ததைக் கொண்டுவந்து காட்டும் நேரலை ஒன்றை வையுங்கள். உறுப்பினர் குழுவுக்கு வருபவர்கள் தங்கள் கைவேலையை அறிந்த ஒருவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவும் வருகிறார்கள். ஆனால் வாரம் இரண்டு என்று சொல்லித்தான் சந்தா வாங்கினீர்கள் என்றால், இந்த மாற்றத்தை ஒரு மாதம் முன்னதாகவே அறிவியுங்கள். ஆண்டுச் சந்தா கட்டியவர் யாரேனும் இருந்தால், அவருக்குச் சொன்னது அவருடைய ஆண்டு முடியும்வரை கிடைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, ஏழாம் பாடத்தில் நின்றுபோனவர்களில் மூன்று பேரை இந்த வாரமே தொலைபேசியில் அழையுங்கள். ஏன் தொடரவில்லை என்று கேட்டால் நேரமில்லை என்பார்கள். கடைசியாகத் தைத்த துணியை எடுத்துவந்து, எந்த இடத்தில் ஊசியை நிறுத்தினார்கள் என்று காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்.