கர்ப்பமான புதிதில் தினமும் கெட்ட கனவு, தூக்கமே இல்லை. விடிகாலைக் கனவு பலித்துவிடுமா?

ஏழாவது வாரம் நடக்கிறது, குழந்தை தொலைந்துபோவதாகக் கனவு கண்டு விடிகாலையில் எழுந்துவிடுகிறேன், திரும்பப் படுக்கவே பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பலிக்காதுங்க. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

விடிகாலைக் கனவுக்கு நம் ஊரில் இவ்வளவு மதிப்பு வந்ததற்குக் காரணம் உண்டு. தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறது. தெளிவான கனவுகள் பெரும்பாலும் ஒவ்வொரு சுற்றின் கடைசியில், மூடிய இமைக்குள் கண் வேகமாக அசையும் கட்டத்தில் வருகின்றன. முன்னிரவில் அந்தக் கட்டம் சில நிமிடங்கள்தான். விடிய விடிய நீண்டுகொண்டே போகும். அதனால் நாலு, ஐந்து மணிக் கனவு முழுநீளமாக, கதை போல இருக்கும். அதன் நடுவில் விழித்தால் அப்படியே மனதில் நிற்கும். அசந்து தூங்கியிருந்தால் அதே கனவு காலையில் நினைவில்கூட இருந்திருக்காது.

இந்த மாதங்களில் நடுவில் விழிப்பதற்குத்தான் ஆயிரம் காரணம். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறுவதால் பகலெல்லாம் கண் சொருகும், இரவில் தூக்கம் துண்டு துண்டாகும். உடம்பில் ரத்தம் கூடி, சிறுநீரகத்துக்கு வேலை அதிகமாவதால் பாத்ரூமுக்கு எழ வேண்டும். மசக்கை வேறு. இதற்கு மேல், அடுத்த ஸ்கேனில் என்ன சொல்வார்களோ என்று மனம் பகல் முழுக்க அரைத்துக்கொண்டே இருக்கும். அது இரவில் வேறு வேஷம் போட்டுக்கொண்டு வராமல் என்ன செய்யும்?

எனக்கு வந்த கனவில் டவுன் பஸ். காய்கறிப் பையைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவேன், குழந்தை சீட்டிலேயே இருக்கும். கண்டக்டர் விசில் ஊதுவார், பஸ் கிளம்பிவிடும். கத்தினால் குரல் வராது. மனநல ஆலோசகரான தோழி ஒருத்தி ஒரு வழி சொன்னாள். திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுகளுக்கு அவர்கள் வழக்கமாகச் சொல்லித்தரும் பயிற்சியாம். பகலில், படுக்கையை விட்டு வெளியே உட்கார்ந்து, கனவை எழுதி அதன் முடிவை நம் இஷ்டத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றிய கதையை மட்டும் தினமும் பத்து நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். என் கதையில் கண்டக்டர் விசில் கொடுத்து பஸ்ஸை நிறுத்தி, "ஏம்மா, இத யாரு எடுத்துட்டுப் போவா?" என்று திட்டிக்கொண்டே குழந்தையை ஜன்னல் வழியாக நீட்டுவார். எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது. கனவு ஒரே நாளில் நிற்கவில்லை. ஆனால் அது வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்வது குறைந்துபோனது.

என் மாமியார் தலையணைக்கு அடியில் வேப்பிலை வைத்தார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் எடுத்துப் போடவில்லை. நம்மை ஒருவர் கவனித்துக்கொள்கிறார் என்ற நினைப்பே தூக்கத்துக்கு நல்லது. கத்தி, அரிவாளைத் தலைமாட்டில் வைக்கச் சொன்னால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தண்ணீரைப் பகலிலேயே நிறையக் குடித்துவிட்டு ஏழு மணிக்கு மேல் குறைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் காபீன் நாளுக்கு 200 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பார்கள். காபி, டீ இரண்டும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. மதியத்துக்குப் பிறகு இரண்டையுமே விடுவது நல்லது. இரவில் எழுந்தால் மங்கலான விளக்கு போதும், போனைத் தொடாதீர்கள். மூன்று மணிக்கு கருச்சிதைவு பற்றித் தேடிப் படித்துவிட்டுத் தூங்கியவர் யாரும் இல்லை. இடது பக்கம்தான் படுக்க வேண்டும் என்று இப்போதே மிரட்டினால் கண்டுகொள்ளாதீர்கள். ஒருக்களித்துப் படுப்பது முக்கியமாவது 28 வாரத்துக்குப் பிறகுதான். இப்போது எப்படி வசதியோ அப்படிப் படுங்கள்.

மெடிக்கலில் நீங்களாகத் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். தூக்கம் வரும் என்று அமுக்கராப் பொடியைப் பாலில் கலந்து கொடுத்தாலும் வேண்டாம், கர்ப்பத்தில் அதைத் தவிர்க்கத்தான் சொல்கிறார்கள். அதே சமயம், மனநலத்துக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டு வந்தால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது. இரவில் கால் குடைந்து ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம்.

பயம் பகலிலும் விடாமல் துரத்தினாலோ, அழுகையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, முன்பு ஒரு கரு கலைந்து அந்தத் துக்கம் ஆறாமல் இருந்தாலோ, அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம். இலவசம்தான், தமிழிலேயே பேசுவார்கள்.