வெள்ளம் தாங்கும் நெல்: விதை வந்தால் மட்டும் போதுமா?

கேள்வி: நாகை மாவட்டம், கீழ்வேளூர் பக்கம் எங்கள் ஊர். உழவர் குழுவில் 40 பேர் இருக்கிறோம். போன கார்த்திகையில் சம்பா பயிர் ஒன்பது நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகிவிட்டது. வெள்ளம் தாங்கும் நெல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்திருக்கிறது என்கிறார்கள். அது மரபணு மாற்றுப் பயிரா? உப்பையும் தாங்குமா? ஒருநாள் பயிற்சி தருகிறார்களாம், அது போதுமா?

பதில்: அந்த நெல்லின் பூர்வீகம் பிலிப்பைன்ஸ் இல்லை, ஒடிசா. அங்கே வெள்ளத்தோடு வாழ்ந்து பழகிய ஒரு நாட்டு நெல்லிலிருந்து பொறுக்கி எடுத்த ரகம்தான் எஃப்.ஆர். 13ஏ. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் அதை ஆராய்ந்து, தண்ணீரைத் தாங்கவைக்கும் சப்1ஏ என்ற மரபணுவை 2006இல் அடையாளம் கண்டன. அந்தக் குணத்தை ஸ்வர்ணா என்ற நெல் ரகத்தில் சேர்த்து எடுத்த ஸ்வர்ணா சப்1 2009இல் இந்தியாவில் வெளியானது. அடுத்த ஆண்டே வங்கதேசத்துக்கும் போனது. நம் ஊருக்கு ஏற்றது சி.ஆர். 1009 சப்1. இட்லிக்குப் போடும் சி.ஆர். 1009 குண்டு அரிசி ரகத்தில் கோவை வேளாண் பல்கலைக்கழகம் இந்தக் குணத்தைச் சேர்த்தது. நம் உழவர்கள் காப்பாற்றி வைத்த சொத்து ஊர் சுற்றித் திரும்பி வந்திருக்கிறது என்பதால், இதைக் கேட்டு வாங்க நீங்கள் தயங்கவே வேண்டாம்.

இது மரபணு மாற்றுப் பயிர் இல்லை. வழக்கம்போல நெல்லோடு நெல்லை ஒட்டுச் சேர்த்து, நாற்றிலேயே இலையைச் சோதித்து, அந்தக் குணம் வந்த செடிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் தாய் ரகத்தோடு கலந்து எடுத்தது. வீரிய ஒட்டு ரகமும் இல்லை. அதனால் அறுவடையில் விதை எடுத்து வைத்து இரண்டு மூன்று பட்டம் விதைக்கலாம். ஆனால் நெல்மணியைப் பார்த்து இது சப்1, இது சாதா சி.ஆர். என்று பிரிக்க முடியாது. முதல் தடவை நீல அட்டை கட்டிய சான்று விதையாகவே வாங்குங்கள். வாய்மொழியை நம்பி வாங்கினால், ஏமாந்தது வெள்ளம் வந்த பிறகுதான் தெரியும்.

இது எப்படிப் பிழைக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம். சாதா நெல் மூழ்கினால் காற்றைத் தேடி விறுவிறுவென்று நீளும். சேமித்து வைத்த மாவுச்சத்து முழுக்க அதிலேயே கரைந்துபோகும். தண்ணீர் வடிந்ததும் நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து சாகும். சப்1 நெல் நீளாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே அடங்கிக் கிடக்கும், சத்தைச் செலவழிக்காது. இரண்டு வாரம்வரை இப்படித் தாக்குப்பிடிக்கும். 2013இல் வெளியான ஒடிசா ஆய்வு ஒன்றில், பத்து நாள் மூழ்கிய வயல்களில் ஸ்வர்ணாவைவிட ஸ்வர்ணா சப்1 சுமார் 45 சதவீதம் கூடுதலாக விளைந்திருக்கிறது. பள்ளத்து நிலங்கள் அங்கே பட்டியல் சாதியினரிடமே அதிகம் இருந்ததால், பலனும் அவர்களுக்கே அதிகம் கிடைத்தது. உங்கள் குழுவிலும் பள்ளத்து வயல்காரர்களுக்கு முதலில் விதை கொடுங்கள் என்பது என் வேண்டுகோள்.

சரி, எங்கே கைவிடும்? முளைக்கும்போது மூழ்கினால் இந்தக் குணம் உதவாது. உங்கள் பக்கம் நேரடி விதைப்பு அதிகம் என்பதால் இதை மறக்காதீர்கள். பூக்கும் சமயத்தில் மூழ்கினாலும், முழங்கால் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கி நின்றாலும் காப்பாற்றாது. வடிகாலில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக் கிடந்தால் எந்த விதையும் பதில் சொல்லாது. உப்பைத் தாங்குவது வேறு குணம். அதற்குக் கேரளத்தின் பொக்காளி நெல்லோ உங்கள் கடலோரத்துக் குடவாழை நெல்லோதான் நினைவுக்கு வர வேண்டும். இந்த ரகத்துக்கு வயது சுமார் 155 நாள். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28இல் மூடுவார்கள். எனவே ஆகஸ்டில் நாற்று விட்டால்தான் கணக்குச் சரியாக வரும்.

பயிற்சிக்கு வருகிறேன். ஒருநாள் போதாது. விதையைக் கையில் கொடுத்து, மண்டபத்தில் படம் காட்டி, சாப்பாடு போட்டு அனுப்பும் பயிற்சியில் தொழில்நுட்பம் பாதிதான் கைமாறுகிறது. மீதிப் பாதி வெள்ளம் வடிந்த வாரத்தில் வயலில் இருக்கிறது. அப்போது பயிர் மஞ்சளாகி, சேறு அப்பி, செத்த மாதிரியே கிடக்கும். பார்த்து மனசு விட்டு உழுதுவிட்டவர்கள் உண்டு. அவசரப்படாதீர்கள். ஒரு தூரைப் பிடுங்கி அடித்தண்டைக் கத்தியால் பிளந்து பாருங்கள். குருத்து வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகிக் கொழகொழவென்று வந்தால் இல்லை. உயிருள்ள தூரில் ஒரு வாரத்துக்குள் புது இலை வரும். தண்ணீர் வடிந்த அன்றே யூரியாவை அள்ளிப் போட வேண்டாம், புது இலை கண்ட பிறகு போடுங்கள். வேளாண்துறை வழக்கமாகச் சொல்வது ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு: இவற்றை ஓர் இரவு கலந்து வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இட வேண்டும்.

இதையெல்லாம் வயலில் நின்று, பருவம் முழுக்கக் கற்க வேண்டும். இந்தோனேசியாவில் 1989இல் உழவர் வயல்வெளிப் பள்ளி தொடங்கியது அப்படித்தான். உழவர்கள் வாராவாரம் வயலில் கூடி, தாங்களே பார்த்து, எண்ணி, பேசி முடிவெடுத்தார்கள். நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சியைச் சமாளிக்க ஆரம்பித்த அந்த முறை பிறகு ஆசியா, ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியது. நம்மிடம் அட்மா (வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) திட்டத்தில் பண்ணைப் பள்ளி இருக்கிறது. வட்டாரத் தொழில்நுட்ப மேலாளரிடமும் சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்திலும் குழுவின் பெயரில் எழுத்தில் கேளுங்கள். வகுப்புகளில் ஒன்றை வெள்ளம் வடிந்த எட்டாம் நாள் வைக்க வேண்டும் என்று மனுவிலேயே குறிப்பிடுங்கள். நாற்றுப் பறிக்கும், களை எடுக்கும் பெண்களையும் அழைக்கச் சொல்லுங்கள். தூரில் கை வைப்பவர்கள் அவர்கள்தானே.

முதல் வருஷம் ஆளுக்கு இரண்டு மா (மூன்று மா ஓர் ஏக்கர்) போதும். பக்கத்திலேயே உங்கள் வழக்கமான ரகத்தையும் நடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்புறம், விதைத் தேவையை ஜூன் மாதமே உதவி வேளாண்மை அலுவலரிடம் பதிந்துவிடுங்கள். ஆடி பிறந்த பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.