ஸ்போர்ட்ஸ் காரில் சின்னப் பெட்டி கொளுவி இழுக்கலாமா?

கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "என்னிடம் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. பின்னால் சிறிய ட்ரெயிலர் கொளுவிச் சாமான் இழுக்கலாமா? கார் பழுதாகுமா?"

இழுக்கலாம். நான் இழுத்தேன். கார் பழுதாகவில்லை, என் மானம்தான் கொஞ்சம் பழுதானது.

உங்கள் வீட்டு நிலைமை கேள்வியிலேயே தெரிகிறது. வீட்டில் இருக்கும் ஒரே வாகனம் அதுதான், அதற்குள் ஒரு மூட்டை நெல்லுக்கு இடமில்லை, "இந்தக் காசுக்கு ஒரு பட்டா லொறி வாங்கியிருக்கலாம்" என்று யாரோ நாள்தோறும் சொல்கிறார்கள். சரிதானே? என் வீட்டில் அதைச் சொல்வது மாமா.

என்னுடையது ஹொண்டா சி.ஆர்.இசெட், 2011ஆம் ஆண்டுக் கார், ஆறு கியர். கத்தாரில் ஏழு வருடம் ஏசி பூட்டிச் சேர்த்த காசு. ஹைபிரிட், முன்சக்கர இழுவை, 120 சொச்சம் குதிரைவலு, இதெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஜப்பானில் 2010-2011க்கான ஆண்டின் சிறந்த கார் விருது வாங்கிய கார் அது. அது போதாது என்றால், தரையோடு தரையாக ஓடுகிற எதுவும் எங்கள் முல்லைத்தீவு முள்ளியவளையில் ஸ்போர்ட்ஸ் கார்தான். தொண்ணூறுகளில் போரால் பெற்றோல் தடை இருந்த வன்னியில் வளர்ந்தவன் நான். சின்ன வயதில் பார்த்த கார் எல்லாம் மண்ணெண்ணெயில் புகை கக்கிய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம்தான். ஸ்ரார்ட் எடுக்க மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல். அப்படி வளர்ந்தவனுக்குச் சிவப்பு நிறத்தில் இரண்டு கதவுக் கார் ஒன்று ஏன் தேவைப்பட்டது என்று மாமாவுக்கு விளங்கப்போவதில்லை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். எங்கள் காணியில் கச்சான், அதாவது நிலக்கடலை. சின்னம்மா முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் கச்சான் கடை வைத்திருக்கிறார். ஏ9 வீதி வழியாகப் போகும் எந்த வாகனமும் அங்கே நிற்காமல் போகாது, கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்காமலும் போகாது. ஆறு மூட்டையை அவரிடம் சேர்க்க ஒவ்வொரு முறையும் பட்டா பிடித்தால் கூலியே கச்சானைத் தின்றுவிடும். அதனால் ஒரு பெட்டி அடித்தோம். ஓட்டோ சக்கரம் இரண்டு, அச்சு, சுற்றிவரத் தகரம், வெறும் பெட்டி 80 கிலோ.

வெல்டிங் கடைத் தம்பி முதலில் சொன்னது, "அண்ணை, பின்னால முறுக்கிப் பூட்டுற இழுவைக் கொளுக்கி இருக்குத்தானே, அதிலயே கொளுவுவம்." தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். அந்தக் கொளுக்கி, கார் புதைந்தால் கயிறு கட்டி நேரே இழுப்பதற்கு. பெட்டி நேரே இழுப்பதோடு நிற்காது, ஒவ்வொரு பள்ளத்திலும் மேலும் கீழும் குத்தும், வளைவில் பக்கவாட்டில் முறுக்கும். பம்பரிலும் பூட்டக்கூடாது, அதற்குள் இருப்பது மெல்லிய தகடு. நாங்கள் காரின் அடியில் இருபக்கமும் ஓடுகிற சட்டத்தில் தடித்த தகடு வைத்து நட்டுப் பூட்டினோம். காரில் வெல்டிங் வைக்க நான் விடவே இல்லை. இந்தக் காரில் நூறு வோல்ற் பற்றரி பின் தட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. பெட்டியைக் கொளுவுகிற 50 மில்லிமீற்றர் இரும்பு உருண்டையும் அதற்கான பூட்டும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய சாமானாகக் கிடைத்தன. லான்ட்மாஸ்ரர் உழவு மெசினின் பெட்டிக்குப் போடுவதுபோல ஆணி போடலாமே என்றார்கள். ஆணி ஆடும். மெசின் போகிற வேகத்துக்கு அந்த ஆட்டம் பரவாயில்லை, காருக்குச் சரிவராது.

முதல் நாள், மாசி மாதம், விடிய ஆறு மணி. காணிக்குள்ளேயே பாடம் தொடங்கிவிட்டது. மணலில் முன்சக்கரம் சும்மா சுழன்றது. மணலில் இவ்வளவு பாரத்தை இழுக்க முன்சக்கரத்துக்குப் பிடி போதாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இரண்டு பேர் பொனற்றில் ஏறி இருக்க வெளியே வந்தோம். மாமா வேலியோரம் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கூடச் சுட்டது.

மாங்குளம் முல்லைத்தீவு வீதி இப்போது வழவழப்பான காப்பெற் தார் வீதி. ஐம்பதில் கார் அழகாகப் போனது. ஒட்டுசுட்டானுக்குக் கொஞ்சம் முன்னால், ஆசையில் எழுபதைத் தொட்டேன். பெட்டி வாலாட்டத் தொடங்கியது. முதலில் இலேசாக, பிறகு காரின் பின்பக்கத்தையே இடமும் வலமும் பிடித்து இழுத்தது. நான் பிரேக்கை மிதித்தேன். அது பிழை. பெட்டிக்குப் பிரேக் இல்லை, கார் நிற்கப் பார்க்கும்போது அது பின்னால் இருந்து தள்ளும், ஆட்டம் கூடும். ஸ்ரியறிங்கை நேரே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காலை மெதுவாக எடுத்து வேகம் தானாக இறங்க விடவேண்டும். வீதியில் மாடு படுத்திருக்காதது என் அதிர்ஷ்டம்.

தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் நிறுத்தி இறங்கினேன். கை நடுங்கியது. தேநீர்க் கடையில் இருந்த ஒரு ஐயா எழும்பி வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "தம்பி, உங்கட வீட்டில ஆரும் வண்டில் கட்டேல்லையோ? இப்பிடிப் பின்பாரமாய் ஏத்தினா மாடு தொங்குமெல்லே?"

மூட்டைகளை இறக்க வசதி என்று நான் எல்லாவற்றையும் பின்கதவோடு அடுக்கியிருந்தேன். மாட்டு வண்டிலில் பின்பாரம் ஏறினால் நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் கூடினால் நுகம் கழுத்தை அமத்தும். அளவான முன்பாரம் வேண்டும். என் அப்பப்பாவுக்கு வண்டில் இருந்தது, இது எனக்குத் தெரியாமல் இருந்ததற்குச் சாட்டு எதுவும் இல்லை. ஐயாவே நாலு மூட்டையை அச்சுக்கு நேரேயும் முன்னேயும் மாற்றி வைத்தார். அதற்குப் பிறகு முறிகண்டி வரைக்கும் பெட்டி கன்றுக்குட்டி மாதிரிப் பின்னால் வந்தது.

வெளிநாட்டு ட்ரெயிலர்க் கணக்கும் இதையேதான் சொல்கிறது. மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு முன் கொளுக்கியில் இறங்கவேண்டும். என் பெட்டியும் ஆறு மூட்டையுமாக 260 கிலோ, அதனால் 26 கிலோ. கச்சான் நிறுக்கிற தூக்குத் தராசில் பெட்டியின் மூக்கைக் கட்டித் தூக்கிப் பார்த்துத்தான் இப்போது வெளிக்கிடுகிறேன்.

"காரின் புத்தகத்தில் இழுக்கக்கூடாது என்று போட்டிருக்கிறதே" என்று ஒருவர் வருவார். தெரியும். மஸ்டா எம்.எக்ஸ்-5 புத்தகத்திலும் ட்ரெயிலர் இழுக்க வேண்டாம் என்றுதான் இருக்கிறது. உங்கள் கார் அதுவென்றால், புதுசு என்றால், வொறன்ரி இருக்கிறது என்றால் இந்தப் பதிலை வாசித்ததோடு விட்டுவிடுங்கள். பிரித்தானியாவில் பிரேக் இல்லாத ட்ரெயிலர் காரின் எடையில் பாதியைத் தாண்டக்கூடாது, எந்தக் காராக இருந்தாலும் 750 கிலோவுக்கு மேல் கூடாது. என் கார் 1,100 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அந்தக் கணக்கின் கிட்டவும் நான் போவதில்லை. ஆறு மூட்டை, ஐம்பது வேகம், அவ்வளவுதான்.

சக்கரத்தையும் கவனியுங்கள். ஓட்டோ சக்கரம் சின்னது, கார் சக்கரம் ஒருமுறை சுற்ற அது ஒன்றுக்கு மேலே சுற்றவேண்டும். மாங்குளம் சந்தியில் இறங்கிச் சக்கரக் குடத்தைத் தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டுவிட்டது. கிறீஸ் புதிதாக வைத்துப் போங்கள். கொளுக்கி கழன்றால் பெட்டி தனியே ஓடாமல் இருக்க இரண்டு சங்கிலி, குறுக்காக. பின்னுக்கு எடுப்பதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். சி.ஆர்.இசெட்டின் பின்கண்ணாடியில் பாதி மறைப்பு, பெட்டியோ அதைவிடத் தாழ்வு. மெசின் ஓட்டுகிற பெடியன்கள் ஒரு கையால் பெட்டியை மடித்து விடுவார்கள், நான் பக்கத்து வீட்டு வேலியில் இரண்டு கதியாலை முறித்தேன். இப்போது பெட்டியின் இரண்டு மூலையிலும் தடி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். ஊரில் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், இங்கே எழுத முடியாது.

இவ்வளவு பாடும் எதற்கென்று கேட்கிறீர்களா? காணிக்கு வந்து கச்சான் எடுக்கிற யாவாரி மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு வெட்டுகிறார். ஈரம் என்கிறார், மண் என்கிறார். காய்ந்து கலகலவென்று கிலுக்கினாலும் இரண்டு கிலோதான். சாக்கும் எங்களுடையது, சாக்குக்கும் காசு இல்லை. ஆறு மூட்டையில் பன்னிரண்டு கிலோ சும்மா போகிறது. அந்தப் பன்னிரண்டு கிலோவைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள், என் காரைப் பற்றி மட்டும் ஊரே பேசும்.

சட்டம்: பெட்டிக்கும் தனி இலக்கம் எடுக்கவேண்டும். முதல் பயணங்களில் இலக்கம் இல்லாமல் ஓடினேன், பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். பதியப் போன இடத்தில் எங்கள் குடும்பத்தின் பெயரில் ஏற்கனவே ஒரு பெட்டி பதிவில் இருக்கிறதே, அது எங்கே என்று கேட்டார்கள். அது அப்பாவின் லான்ட்மாஸ்ரர்ப் பெட்டி. 2009 மாசியில், கடைசிப் போரின்போது, எங்கள் ஏழு பேரையும் இரணைப்பாலை வரைக்கும் ஏற்றிக்கொண்டு வந்து அங்கேயே நின்றுவிட்டது. இலக்கத் தகட்டை மட்டும் அப்பா கழற்றி வைத்திருந்தார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் கடதாசி நகர்ந்தது. நீங்கள் போகும்போது இப்படிப் பழைய பதிவு ஏதும் உண்டா என்று வீட்டில் கேட்டுக்கொண்டு போங்கள், இரண்டு தடவை அலைச்சல் மிச்சம்.

இன்னும் ஒன்று. என்னுடையது கிளச் உள்ள கார். மணலில் கிளச்சை அரைவாசி விட்டுத் தேய்க்காமல் முதல் கியரில் மெதுவாக எடுத்தால் தாங்குகிறது. உங்களுடையது கியர் மாற்றாத சி.வி.ரி. என்றால், பாரம் இழுக்கும்போது அதன் எண்ணெய் சூடாகும். அதில் நான் இழுத்துப் பார்த்ததில்லை, அதனால் இழுங்கள் என்று என் வாயால் சொல்லமாட்டேன்.