வேலை வழிகாட்டி: கேள்வி – பதில்
பதினான்கு சான்றிதழ்களும் வராத அழைப்பும்

கேள்வி: ஐயா, நான் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.சி.ஏ. இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. இணையவழியில் படித்து இதுவரை 14 சான்றிதழ்கள் பெற்றிருக்கிறேன். ஆனாலும் எந்த நிறுவனமும் என்னை நேர்காணலுக்கு அழைக்கவில்லை. அடுத்து எந்தச் சான்றிதழ் பெற்றால் ஐ.டி. வேலை கிடைக்கும்?
— மாணவி, திண்டுக்கல்

பதில்: பதினைந்தாவது சான்றிதழை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதலில், கையில் உள்ள பதினான்கையும் மேசையில் பரப்பி இரண்டு கட்டாகப் பிரித்துப் பாருங்கள். காணொளிகளை இறுதிவரை ஓடவிட்டதற்காகவும், ஒரு நாள் கருத்தரங்கில் உட்கார்ந்திருந்ததற்காகவும் கிடைத்தவை ஒரு கட்டு. கண்காணிப்பாளர் முன்னிலையில் தேர்வு எழுதி, தோற்கும் வாய்ப்பும் இருந்து, அதைத் தாண்டி வாங்கியவை இன்னொரு கட்டு. முதல் கட்டுக்கு ஆள் எடுப்பவர்களிடம் அநேகமாக மதிப்பே கிடையாது. இரண்டாவது கட்டில் ஒன்றிரண்டு இருந்தால் அவற்றை மட்டும் ரெஸ்யூமில் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். பதினான்கு சான்றிதழ்கள் வரிசையாக நிற்கும் ரெஸ்யூமைப் பார்ப்பவருக்கு, இந்தப் பெண் எந்த வேலைக்குத் தயாராகியிருக்கிறார் என்பதே புரியாது.

இரண்டாவது கட்டில் ஒன்றுமே இல்லையென்றால், அதிகச் செலவில்லாமல் தொடங்க என்.பி.டி.இ.எல். பொருத்தமான இடம். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் இந்த இணையவழிக் கல்வித் திட்டத்தில் பாடத்தில் சேருவதற்குக் கட்டணம் இல்லை. தேர்வு எழுத விரும்புவோர் மட்டும் ஏறத்தாழ 1,000 ரூபாய் கட்டினால் போதும். வாராந்திரப் பயிற்சித் தாள்களுக்கு 25 மதிப்பெண், மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். தேர்வு கடினமாகத்தான் இருக்கும், அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு இருப்பதும் அதனால்தான். தரவுக் கட்டமைப்பு, பைத்தான் நிரல்மொழி, தரவுத்தள மேலாண்மை ஆகிய மூன்றில் ஒன்றை எடுத்து 75 மதிப்பெண்ணுக்கு மேல் வாங்கப் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிகள், என்.பி.டி.இ.எல். பாடங்களும் இடம்பெறும் மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் படிக்கும் பாடங்களின் கிரெடிட்டை (பாடத்துக்குரிய மதிப்பு அலகை) ஒரு பருவத்தில் 40 விழுக்காடு வரை பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளக் கல்லூரிகளுக்கு இடம் தருகின்றன. உங்கள் கல்லூரி அதை ஏற்கிறதா என்று துறைத் தலைவரிடம் கேட்டுவிடுங்கள். 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ் உங்கள் கல்லூரியில் என்னென்ன பயிற்சிகள் நடக்கின்றன என்பதையும் அவரே சொல்வார்.

நிறுவனங்கள் நடத்தும் தேர்வுகளைப் பொறுத்தவரை, எந்த வேலைக்குப் போகப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு அதற்கேற்ற ஒன்றை மட்டும் எழுத வேண்டும். இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளைக் கையாளும் கிளவுட் துறைதான் என்று முடிவு செய்தால் அமேசானின் ‘கிளவுட் பிராக்டிஷனர்’ தேர்வு நுழைவுப் படி. 65 கேள்விகளுக்கு 90 நிமிடங்களில் விடையளிக்க வேண்டும், கட்டணம் 100 டாலர், சான்றிதழ் மூன்று ஆண்டுகள் செல்லும். மைக்ரோசாஃப்டின் அடிப்படை நிலை கிளவுட் தேர்வான ஏ.இசட்.-900 காலாவதி ஆவதில்லை. நெட்வொர்க் வேலைக்கு சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. நல்ல பெயர் பெற்றது. ஆனால் கட்டணம் 300 டாலர் என்பதால், வீட்டில் கடன் வாங்கி எழுத வேண்டிய தேர்வாக அதை நான் சொல்லமாட்டேன். இவை எல்லாவற்றிலும் என் மனத்துக்குப் பிடித்தது ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. தேர்வுதான். அதில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே கிடையாது. லினக்ஸ் இயங்குதளத்தில் உயிரோடு ஓடும் கணினி ஒன்றைக் கையில் கொடுத்து, பயனர்களை உருவாக்கு, வட்டுப் பகுதியைப் பெரிதாக்கு என்று வேலைகளைச் சொல்வார்கள். நீங்கள் செய்து முடித்தது கணினியை அணைத்து மீண்டும் இயக்கிய பிறகும் நிலைத்திருந்தால்தான் மதிப்பெண். மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லை.

அடுத்து, அழைப்பு ஏன் வரவில்லை என்ற உங்கள் வருத்தத்துக்கு வருகிறேன். சான்றிதழுக்குப் பின்னால் நீங்கள் செய்த ஒரு பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். உதாரணத்துக்கு, கல்லூரி நூலகத்தில் எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, எது தவணை தாண்டியிருக்கிறது என்று காட்டும் சிறிய செயலி ஒன்றை எழுதி, அதன் நிரலை கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் போட்டு, எப்படி இயக்குவது என்று ஒரு பக்கக் குறிப்பும் எழுதிவையுங்கள். பிறகு அதையே கிளவுடில் ஏற்றி ஓடவிடுங்கள். ஏற்றுவதற்கு முன் செலவு எச்சரிக்கையை அமைத்துக்கொள்ளுங்கள்; சோதனைக்காகத் திறந்த சர்வரை மூட மறந்து, மாதக் கடைசியில் வந்த பில்லைப் பார்த்துத் திகைத்தவர்கள் எங்கள் துறையில் ஏராளம். உலாவியில் ஒரு முகவரியைத் தட்டியதிலிருந்து பக்கம் திரையில் தோன்றும் வரை என்னென்ன நடக்கிறது என்ற பழைய நேர்காணல் கேள்விக்கு, இதைச் செய்து பார்த்தவர் சொல்லும் பதிலும் படித்துவிட்டு மட்டும் வந்தவர் சொல்லும் பதிலும் இரண்டே நிமிடங்களில் வேறுபட்டுத் தெரிந்துவிடும்.

கேள்வி: என் மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். இணையவழியில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப் தருவதாக ஒரு நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. பதிவுக் கட்டணம் 6,000 ரூபாய் கேட்கிறார்கள்; முடித்ததும் சான்றிதழும் பரிந்துரைக் கடிதமும் தருவார்களாம். கட்டலாமா?
— தந்தை, தூத்துக்குடி

பதில்: கட்ட வேண்டாம், ஐயா. வேலை செய்பவருக்கு நிறுவனம் பணம் தருவதுதான் முறை. குறைந்தபட்சம் கேட்காமலாவது இருக்க வேண்டும். நேர்காணலும் இல்லாமல், என்ன வேலை, யார் மேற்பார்வையாளர் என்ற விவரமும் இல்லாமல், கட்டண விவரம் மட்டும் தெளிவாக எழுதப்பட்டிருக்கும் கடிதம் சான்றிதழ் விற்கும் கடையிலிருந்துதான் வந்திருக்கும். அது பயிற்சி வகுப்பு என்று வெளிப்படையாகச் சொல்லிக் கட்டணம் கேட்டால் அது வேறு விஷயம், வகுப்பின் தரத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். ஆனால் அதை ரெஸ்யூமில் இன்டர்ன்ஷிப் என்று எழுதினால், அங்கே உனக்கு யார் வேலை கொடுத்தார், செய்ததை யார் பார்த்துத் திருத்தினார் என்ற அடுத்த கேள்வியிலேயே உங்கள் மகன் திணறிப்போவார்.

பட்டம் பெற்ற பிறகு அவருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 1961ஆம் ஆண்டு தொழில்பழகுநர் சட்டத்தின் கீழ், மத்திய அரசின் தேசியத் தொழில்பழகுநர் பயிற்சித் திட்டம் நடக்கிறது. தென் மாநிலங்களுக்கான அதன் வாரியம் சென்னை தரமணியில் உள்ளது. இதில் சேரும் பட்டதாரிகளுக்கு உதவித்தொகை சட்டப்படியே உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பட்டதாரிகளுக்கான குறைந்தபட்சத் தொகை மாதம் 9,000 ரூபாய் என்று வரையறுக்கப்பட்டது; குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. பயிற்சி முடிந்ததும் நிறுவனம் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதையும் அறிந்தே சேர வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் ஐ.டி. நிறுவனமே இல்லை. கோடை விடுமுறையில் சென்னையில் தங்கி இன்டர்ன்ஷிப் செய்ய வசதியும் இல்லை. வீட்டிலிருந்தே உண்மையான வேலை அனுபவம் பெற வழி இருக்கிறதா? அப்படி ஒன்று கிடைத்தால் அதில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
— இரண்டாம் ஆண்டு மாணவர், செஞ்சி

பதில்: செஞ்சியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்கு ஒரு நல்ல செய்தி பக்கத்திலேயே இருக்கிறது. விழுப்புரத்தில், யாரும் நிரலைப் பார்த்து மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளின் ஆர்வலர்கள் நடத்தும் குனு/லினக்ஸ் பயனர் குழு, கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் பயிற்சி தருகிறது. காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் இத்தகைய குழுக்கள் நெடுங்காலமாக இயங்குகின்றன. அங்கே போனால், அலுவலகத்தில் அன்றாடம் நிரல் எழுதுபவர்கள் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைக் கேள்வி கேட்கலாம், நீங்கள் எழுதியதைக் காட்டலாம்.

கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் பங்களிப்பதற்குப் பேருந்துச் செலவுகூட இல்லை. தமிழ் உரையைக் கையாளும் ‘ஓபன்-தமிழ்’ என்ற பைத்தான் நிரலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) இருக்கிறது. இதுபோன்ற திட்டங்களில் தமிழ் தெரிந்த மாணவருக்கு மற்றவர்களைவிட ஒரு படி முன்னுரிமை உண்டு. ‘கை’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் நாம் ஒன்று என்போம், கணினியோ யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறைப்படி இரண்டு என்று எண்ணும். இந்த வித்தியாசத்தால் எழும் பிழைகளைக் கண்டுபிடிக்கத் தமிழ் படித்த கண் வேண்டும். முதலில் ஆவணத்தில் உள்ள ஒரு தவறைத் திருத்தி அனுப்புங்கள், பிறகு ஒரு சிறு வழுவை (நிரல் பிழையை) எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாதையில் ஓராண்டு நடந்தவர்கள், கூகுள் 2005 முதல் நடத்திவரும் ‘சம்மர் ஆஃப் கோடு’ திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். முன்பு மாணவர்களுக்கு மட்டுமே என்றிருந்த அது, 2022 முதல் 18 வயது நிரம்பிய புதியவர்கள் எல்லோருக்கும் திறக்கப்பட்டிருக்கிறது. வீட்டிலிருந்தே செய்யலாம், உதவித்தொகையும் உண்டு. போட்டி கடுமைதான், எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கிறீர்களோ அதில் முன்னரே பங்களித்திருப்பவருக்கு வாய்ப்பு அதிகம்.

இன்டர்ன்ஷிப்பில் எப்படி நடந்துகொள்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் வாரத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு, புரியாததைக் கேட்கக் கூச்சப்பட்டு மூன்று நாட்களைத் தனியே வீணாக்குவது. ஒரு மணி நேரம் நீங்களே முயன்று பாருங்கள். அதன் பிறகு, என்ன செய்ய நினைத்தேன், எதையெல்லாம் முயன்றேன், திரையில் வந்த பிழைச் செய்தி என்ன என்ற மூன்றையும் எழுதிக் கேளுங்கள். இப்படிக் கேட்கும் பயிற்சி மாணவரிடம் யாரும் எரிச்சல்படுவதில்லை. உங்கள் நிரலை மூத்தவர் ஒருவர் வரிவரியாகப் பார்த்துத் திருத்தச் சொல்வதை ‘கோடு ரிவ்யூ’ என்பார்கள். இன்டர்ன்ஷிப்பில் கிடைக்கும் உண்மையான சம்பளம் அதுதான் என்பது என் எண்ணம். முப்பது குறிப்புகளோடு நிரல் திரும்பி வந்தால் மனம் சோரும். ஆனால் ஒரு குறிப்பும் இல்லாமல் இரண்டு மாதங்கள் ஓடினால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும், ஏனென்றால் அங்கே உங்கள் வேலையை யாரும் பார்க்கவே இல்லை என்று பொருள். அன்றன்று செய்ததை மாலையில் நான்கு வரி எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து நேர்காணலில் கேட்கும்போது அந்த நோட்டுதான் கைகொடுக்கும். நிறுவனத்தின் நிரலை மட்டும் உங்கள் சொந்த கிட்ஹப் கணக்கில் ஏற்றிவிடாதீர்கள், அது அவர்களுடைய சொத்து.

கேள்வி: 2021இல் மெக்கானிக்கல் பொறியியல் முடித்து, வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். ஐ.டி.க்கு மாற முடியுமா? எந்தச் சான்றிதழ் உதவும்?
— வாசகர், ஓசூர்

பதில்: முடியும், ஆனால் புதிய பட்டதாரிகள் நுழையும் வாசலில் போய் நிற்காதீர்கள். அந்த ஆள்சேர்ப்பில் பெரும்பாலும் எந்த ஆண்டில் தேர்ச்சி பெற்றவர்கள் வேண்டும் என்று குறிப்பிட்டே கேட்பார்கள், உங்கள் ஆண்டு கடந்துபோயிருக்கும். உங்கள் கையிருப்பு தொழிற்சாலை அனுபவம். உற்பத்தி நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதும் அணிகளில், அளவு பிசகிய பாகம் ஒன்று வந்தால் தொழிற்சாலைத் தளத்தில் என்னென்ன நடக்கும் என்று அறிந்தவர்கள் குறைவு. தர ஆய்விலிருந்து மென்பொருள் சோதனைக்குப் போவது இயல்பான மாற்றமும்கூட. மென்பொருள் சோதனையாளர்களுக்கான ஐ.எஸ்.டி.க்யூ.பி. அடிப்படை நிலைத் தேர்வில் 40 கேள்விகள், 60 நிமிடங்கள். 26 சரியாக இருந்தால் தேர்ச்சி, சான்றிதழ் காலாவதி ஆவதில்லை. அதோடு தரவுத்தளத்தில் தகவல் தேட உதவும் எஸ்.க்யூ.எல். மொழி, ஓரளவு பைத்தான் இரண்டையும் கற்றுக்கொண்டு, இப்போதைய வேலையை விடாமல் உங்கள் பிரிவிலேயே தொடங்குங்கள். எக்செலில் கையால் தயாரிக்கும் தினசரி ஆய்வறிக்கையை மேலாளர் அனுமதியோடு தானியங்கியாக்கினால், அதுவே உங்களுக்கு இன்டர்ன்ஷிப்.

கேள்வி: தேர்வில் வரும் கேள்விகளை அப்படியே விற்கும் தளங்கள் இருக்கின்றன. நண்பர்கள் வாங்கிப் படிக்கிறார்கள். தவறா?
— வாசகி, சேலம்

பதில்: தவறுதான், ஆபத்தும்கூட. கேள்விகளை வெளியிடமாட்டேன் என்ற ஒப்பந்தத்தை ஏற்ற பிறகே தேர்வு தொடங்குகிறது. மீறியது தெரிந்தால் சான்றிதழை ரத்து செய்வார்கள், மேற்கொண்டு எழுதத் தடையும் விதிக்கலாம். அந்த விற்பனைத் தாள்களில் தவறான விடைகளும் நிறைய உண்டு. நிறுவனங்களே வெளியிடும் மாதிரிக் கேள்விகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள். தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில்தான் பலர் அந்தத் தளங்களுக்குப் போகிறார்கள். அமேசான் தேர்வில் தோற்றால் 14 நாட்கள் கழித்துக் கட்டணம் கட்டி மறுபடியும் எழுதலாம், முதல் முறை தோற்றது சான்றிதழில் எங்கும் இடம்பெறாது.